கடைசிப் பதினாறு பக்கங்கள்

அக்கா வேலை பார்க்கும் சலவைக்கூடத்தின் ஈரப்படியில் வழுக்கி விழுந்து, வலது காலில் மாவுக்கட்டோடு படுத்து நான்காவது வாரம் நடந்துகொண்டிருந்தபோது, அவள் படித்துவந்த துப்பறியும் தொடரின் பன்னிரண்டாவது புத்தகம் அந்தரத்தில் நின்றது. கொலைகாரன் ஒளிந்திருக்கும் அறையைத் துப்பறிவாளர் கண்டுபிடித்துவிட்டார். கதவைத் தட்டிவிட்டார். கதவும் திறந்துவிட்டது. "வாருங்கள், உங்களுக்காகத்தான் காத்திருந்தேன்" என்று உள்ளேயிருந்து ஒரு குரலும் கேட்டுவிட்டது. அதற்கு அடுத்து அட்டைதான் இருந்தது.

"டேய், மீதி எங்கடா?" என்றாள் அக்கா.

தம்பி புத்தகத்தை வாங்கி முதுகைப் பார்த்தான். அவன் நகரின் மத்திய நூலகத்தில் புத்தகம் தைப்பவன். நூலகத்தில் எல்லோரும் அவனைப் பசை என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அவன் பெயர் புழக்கத்தில் இல்லை. ஒரு பெரிய தாளை மடித்தால் பதினாறு பக்கம் வரும். அப்படிப்பட்ட மடிப்புகளை வரிசையாக அடுக்கித் தைத்தால் புத்தகம். இதில் கடைசி மடிப்பின் நூல் அறுந்து, பதினாறு பக்கமும் எப்போதோ எங்கேயோ உதிர்ந்து போயிருந்தன.

"விழுந்துடுச்சுக்கா. தைக்கிறப்பவே கவனிச்சேன். உன்கிட்ட சொல்ல பயமா இருந்துச்சு."

"பன்னெண்டு புத்தகம்டா. ஒவ்வொரு புத்தகத்துலயும் அந்தாளு மண்டையில நாலு தடவை அடி வாங்குறான். நானும் கூடவே வாங்கிட்டு வந்திருக்கேன். யாருன்னு தெரியாம நான் எப்படித் தூங்குறது?"

அந்தப் புத்தகங்களை எழுதியவரை அக்கா மழைக்காரர் என்று சொல்வாள். அவர் கதைகளில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மழை பெய்யும். ஆண்கள் நனைந்தபடி பொய் சொல்வார்கள். பெண்கள் நனையாமல் பொய் சொல்வார்கள். ஏதோ ஒரு பெரிய மனிதர் நகரத்தையே சட்டைப்பையில் வைத்திருப்பார். துப்பறிவாளருக்கு வாடகை கொடுக்கக் கதியிருக்காது, ஆனால் வாய் மட்டும் நீளம். நான்காவது மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், ஒரே ஜன்னல் உள்ள அறையில் காலை நீட்டிப் படுத்திருப்பவளுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

"வேற பிரதி இல்லையா உங்க நூலகத்துல?"

"ஒண்ணு இருக்கு," என்றான் பசை. "வாரியத்துகிட்ட."

வாரியம் என்றால் நூலகத்தின் மூன்றாவது மாடியில் இயங்கும் குற்றப்புனைவுத் தரநிர்ணய வாரியம். பழைய துப்பறியும் எழுத்தாளர்களில் யார் மக்களின் பேரன்புக்கு உரியவர், யாரைத் தகுதிக்கு மேல் தூக்கிவைத்துக் கொண்டாடிவிட்டார்கள் என்பதைத் தீர்மானிப்பது அதன் பணி. பேரன்புப் பட்டியலில் இடம்பெற்றவரின் புத்தகங்களை, யார் கையும் படாதபடி கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டுவார்கள். மிகைமதிப்புப் பட்டியலில் விழுந்தவரின் புத்தகங்களை, யார் கண்ணும் படாதபடி நிலவறையில் வைத்துப் பூட்டுவார்கள். இன்னும் முடிவாகாதவரின் புத்தகங்கள் முடிவாகும்வரை வாரியத்தின் அறையில் இருக்கும். அந்த அறையையும் பூட்டுவார்கள். வாசகர்களுக்கு மிஞ்சியவை கோழி வளர்ப்பு, வீட்டு மின்சாரம், எளிய கணிதம். கோழி வளர்ப்புக்கு எப்போதும் வரிசை இருந்தது.

மழைக்காரரின் விவகாரம் இருபத்திரண்டு வருடமாக முடிவாகவில்லை. கிழிந்து தையல் அறைக்கு வந்த பழைய பிரதிகளை வாரியம் மறந்துபோனதால்தான் அக்காவால் இவ்வளவாவது படிக்க முடிந்தது.

"போய்க் கேளேன்," என்றாள் அக்கா.

பசையின் வேலை அட்டையில் தற்காலிகம் என்று சிவப்பு மையில் அடித்திருந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை நூலகத்திலிருந்து கடிதம் வாங்கிப் புதுப்பித்தால்தான் அவன் இந்த ஊரில் இருக்க முடியும். அடுத்த புதுப்பிப்புக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடுபவர் வாரியத் தலைவர். அவன் கிளம்பிப் போகவேண்டி வந்தால், ஒற்றைக் காலோடு நான்காவது மாடியில் இருக்கும் அக்காவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட ஆள் கிடையாது. இந்த ஊரில் அவளுக்கு அவன், அவனுக்கு அவள். அவ்வளவுதான்.

"சும்மா ஒரு வார்த்தை கேட்டா தலையையா சீவிடுவாங்க?" என்றாள் அக்கா.

மறுநாள் காலை அவன் மூன்றாவது மாடிக்குப் போனான்.

கவுன்ட்டரில் வாரியச் செயலாளர் அம்மா இருந்தார். பதினெட்டு முத்திரைகள் தொங்கும் மர வளையம் ஒன்று அவர் முன்னால் இருந்தது. அவர் ஒவ்வொரு முத்திரையையும் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே பேசினார்.

"கடைசிப் பதினாறு பக்கத்தைப் பார்க்கணும். சரி. நீங்க இதை ஏற்கெனவே படிச்சிருக்கீங்களா?"

"இல்லைங்க மேடம்."

"படிக்காத ஒருத்தருக்கு இதோட அருமை எப்படித் தெரியும்? அருமை தெரியாதவங்க கையில கொடுக்க விதியில இடமில்லை."

"படிச்சிருந்தா?"

"படிச்சிருந்தா எதுக்கு மறுபடி பார்க்கணும்?" அம்மா ஒரு விண்ணப்பத்தை நீட்டினார். "இருந்தாலும் எழுதிக் கொடுங்க. யாரையும் திருப்பி அனுப்புறது எங்க வழக்கமில்லை. உட்காரவெச்சுடுவோம்."

விண்ணப்பத்தில் இரண்டே கட்டங்கள் இருந்தன. பேரன்புக்குரியவர், மிகைமதிப்புக்குரியவர். ஒன்றில் மட்டும் குறியிட வேண்டும். கீழே, இதுவரை படித்ததை எழுதக் கேட்டிருந்த வரியை மட்டும் பசை நிரப்பினான்.

"மேடம், எனக்கு ரெண்டும் இல்லைங்க. அக்காவுக்குக் கொலைகாரன் யாருன்னு தெரியணும்."

செயலாளர் அம்மா விண்ணப்பத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "அதுக்குக் கட்டம் இல்லையே, தம்பி," என்றார் உண்மையான வருத்தத்தோடு. "இருபத்திரண்டு வருஷத்துல யாரும் அப்படி ஒண்ணு கேட்டதில்லை." பிறகு அவர் பார்வை விண்ணப்பத்தின் கீழ்ப்பகுதிக்குப் போனது. "பதினோரு புத்தகம் முழுசா, பன்னெண்டாவது கடைசி மடிப்புக்கு முன்னாடி வரைன்னு எழுதியிருக்கீங்க. இவ்வளவையும் யார் படிச்சது?"

"அக்கா. அப்புறம் தைக்கிறப்போ நானும்."

"முடிவு மட்டும் தெரியாது."

"தெரியாதுங்க."

அம்மா முத்திரைத் துணியைக் கீழே வைத்தார். எழுந்தார். உள்ளே போனார். கால் மணி நேரம் கழித்து வெளியே வந்து, வெள்ளிக்கிழமை வாரியக் கூட்டத்தில் அவன் ஆஜராக வேண்டும் என்றும், சொந்தமாக மழைக்கோட்டு இல்லையென்றால் கொடுப்பார்கள் என்றும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை வெயில் கொளுத்தியது. வாரிய அறைக்குள் நுழைந்தபோது பசைக்கு முதலில் எதுவும் தெரியவில்லை. ஜன்னல்களில் நிழல் பட்டை பட்டையாக விழும்படி திரைகள் போட்டிருந்தார்கள். நடுவில் ஒரே ஒரு விளக்கு, அதுவும் அவன் முகத்துக்கு நேராக. குளிர்சாதனம் மூன்று வருடமாக வேலை செய்யவில்லை. மேசையைச் சுற்றி மூன்று பேர் மழைக்கோட்டும் தொப்பியும் அணிந்து வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். செயலாளர் அம்மா மூலையில் இருந்த பொத்தானை அழுத்தினார். ஒலிபெருக்கியில் மழை பெய்யத் தொடங்கியது.

நடுவில் இருந்தவர் தலைவர். அவருக்கு வலப்பக்கம் ஆதரவு உறுப்பினர், இடப்பக்கம் எதிர்ப்பு உறுப்பினர். இருவரும் இருபத்திரண்டு வருடமாக மழைக்காரர் விஷயத்தில் ஒருவரை ஒருவர் விரோதித்துக்கொண்டிருந்தார்கள். வந்துபோவது ஒரே காரில்.

முதலில் ஒரு நிமிடம் மௌனம் கடைப்பிடித்தார்கள். வாரியத்தின் விதிப்படி உறுப்பினர்களில் ஒருவர் பொது வாசகராக இருக்க வேண்டும். இருந்தவர் எட்டு வருடத்துக்கு முன் காலமாகிவிட்டார். அந்த நாற்காலிக்கு வேறு ஆள் கிடைக்காததால் ஒவ்வொரு கூட்டத்திலும் அவருக்கே அஞ்சலி செலுத்தி வந்தார்கள்.

"தம்பி," என்று தலைவர் தொடங்கினார். "பொது வாசகர் ஏன் கிடைக்கலைன்னு நீங்க யோசிக்கலாம். வர்றவங்க எல்லாரும் ஒண்ணு புத்தகத்தையே தொடாதவங்களா இருக்காங்க, இல்லேன்னா முழுசாப் படிச்சுட்டு வந்து நிக்கிறாங்க. முழுசாப் படிச்சவரை வெச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது? அவர் கதையில மாட்டிக்கிறார். எனக்குப் பிடிச்சது, பிடிக்கலைன்னு சொல்ல ஆரம்பிச்சுடுறார். தீர்ப்பு சொல்ற இடத்துல சொந்த அனுபவம் வரலாமா? நீதிபதி கொலை நடந்த வீட்டுக்குள்ள இருந்திருந்தா அவரை நீதிபதியா ஏத்துக்குவோமா? சாட்சின்னுதானே சொல்லுவோம்? அதனாலதான் எங்க ஸ்தாபக விதி சொல்லுது, முடிவை வாசித்தவர் முடிவெடுக்க முடியாதுன்னு. இந்த மேசையில உட்கார்ந்திருக்கிற யாரும் இந்தப் புத்தகத்தோட கடைசிப் பக்கங்களை வாசிச்சதில்லை. நான் முதல் பக்கத்தையே வாசிச்சதில்லை. அந்த விஷயத்துல நான் கொஞ்சம் கண்டிப்பானவன்."

ஆதரவு உறுப்பினர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "இவரைப் போல ஒரு முடிவை எழுத இன்னொருத்தரால முடியாது. அந்த இருட்டு, அந்த மௌனம், மனுஷ மனசோட அடியாழம். இதைப் பத்தி நான் நானூறு பக்கம் எழுதியிருக்கேன். படிச்சுட்டு எழுதியிருந்தா நாற்பதுகூட வந்திருக்காது. நேசம்னா அப்படித்தான் தம்பி. நான் அவரை நேசிக்கிறேன். நேசிக்கிறவரைப் போய் யாராவது சோதிச்சுப் பார்ப்பாங்களா?"

"நான் அறுநூறு பக்கம்," என்றார் எதிர்ப்பு உறுப்பினர். "அந்த முடிவு எவ்வளவு மலிவானதுன்னு மூணு தொகுதியில நிரூபிச்சிருக்கேன். ஒரு தடவை, வெளிப்படையாவே சொல்றேன், எடுத்துப் படிச்சா என்னன்னு தோணுச்சு. கைகூடப் புத்தகம் வரைக்கும் போயிடுச்சு. ஒருவேளை பிடிச்சுப்போச்சுன்னா? அறுநூறு பக்கம் என்ன ஆகுறது? பொறுப்புன்னு ஒண்ணு இருக்கில்லையா?"

இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்தார்கள். எதிர்ப்பு உறுப்பினர் தண்ணீர்க் குவளையை ஆதரவு உறுப்பினர் பக்கம் நகர்த்திவைத்தார்.

பிறகு புத்தகம் வந்தது. செயலாளர் அம்மா அதைக் கறுப்பு வெல்வெட் தலையணையில் ஏந்தி வந்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். தலையணையின் சரிவில் புத்தகம் ஒவ்வொரு கூட்டத்திலும் சறுக்கிச் சறுக்கி அதன் முதுகு விட்டுப்போயிருந்ததைப் பசை உடனே பார்த்துவிட்டான். இன்னொன்றையும் பார்த்தான். பழைய காலத்தில் சில அச்சகங்கள் மடித்த தாளின் விளிம்பை வெட்டாமலே தைத்து அனுப்பிவிடும். வாங்கியவர் கத்தியால் கீறிக் கீறித்தான் படிக்க வேண்டும். இந்தப் பிரதியில் கடைசி மடிப்பின் மேல்விளிம்பு கீறப்படாமல் மூடியே இருந்தது.

"ஐயா, கடைசி மடிப்பைத் திறக்கவே இல்லைங்க," என்றான்.

"ஆமா," என்றார் தலைவர், தன் பிள்ளை பரிசு வாங்கியதைச் சொல்லும் குரலில். "நாற்பது வருஷமா."

அதன்பிறகு விஷயம் வேகமாக நடந்தது. பதினோரு புத்தகமும் படித்து, பன்னிரண்டாவதிலும் கதவு வரைக்கும் வந்து, உள்ளே இருப்பது யார் என்று தெரியாமல் நிற்கும் ஒருவன் வாரியத்துக்கு இதுவரை கிடைத்ததில்லை. இவன் பொது வாசகர் நாற்காலிக்கென்றே அளவெடுத்துச் செய்தவன். ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை உறுதிமொழி. அதோடு அவனுடைய வேலை நிரந்தரம். அட்டையில் சிவப்பு மை இருக்காது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கடிதத்துக்காக நிற்க வேண்டாம்.

"ஒரே ஒரு நிபந்தனை," என்றார் தலைவர். "ஆயுசுக்கும் அந்தப் பதினாறு பக்கத்தை நீங்க வாசிக்கக் கூடாது."

"யோசிச்சு..." என்று பசை ஏதோ சொல்லப்போனான். அவர்கள் அதைச் சம்மதம் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். புத்தகத்தின் முதுகு விட்டுப்போயிருப்பதை அவனே கண்டுபிடித்ததால், உறுதிமொழிக்கு முன் அவனே அதைத் தைத்துக் கொடுக்க வேண்டும் என்றும் தீர்மானம் போட்டார்கள்.

புதன்கிழமை மதியம் செயலாளர் அம்மா புத்தகத்தைத் தலையணையோடு தையல் அறைக்குக் கொண்டுவந்தார்.

"பாதுகாப்பு முக்கியம், தம்பி. யார் கையிலயும் இது சிக்கிடக் கூடாது," என்று சொல்லி, அவனையும் புத்தகத்தையும் உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு போனார்.

அவன் நூலைக் கோத்தான். மெழுகு தடவினான். முதுகைத் தைத்தான். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. கதவைத் திறக்க ஐந்து மணிக்குத்தான் வருவார்கள். வெட்டுக் கத்தி மேசையில் இருந்தது. அவன் அதை இழுப்பறைக்குள் போட்டு மூடினான். பிறகு அக்காவுக்கு ஃபோன் செய்தான். வெள்ளிக்கிழமையிலிருந்து மென்று முழுங்கிக்கொண்டிருந்ததை எல்லாம் கொட்டினான்.

"நிரந்தரமா?" என்றாள் அக்கா. "ஏண்டா, இதைச் சொல்ல அஞ்சு நாளா? கையெழுத்துப் போட்டுட்டு வா."

"உனக்கு முடிவு தெரியாமலே போயிடும்க்கா."

"போகட்டும். கதையில எவனோ எவனையோ கொன்னா எனக்கென்ன? நாளைக்கு உன்னை இங்கேருந்து கிளப்பிட்டாங்கன்னா அதுதான் எனக்குக் கொலை. போடு கையெழுத்தை."

"சரிக்கா."

ஃபோனை அவள் வைக்கவில்லை. மாவுக்கட்டுக் கால் கட்டிலில் நகரும் சத்தம் கேட்டது.

"வக்கீலோட பொண்டாட்டியா இருக்கும்னு நினைக்கிறேன்," என்றாள் கொஞ்சம் கழித்து. "அவதான் எல்லா இடத்துலயும் குடை இல்லாம வர்றா. இல்லேன்னா அந்த லிஃப்ட் ஓட்டுறவன். ஏழாவது புத்தகத்துல அவன் ஒரு தடவை சிரிப்பான், உனக்கு ஞாபகம் இருக்கா? காரணமே இல்லாம சிரிப்பான். சரி, அது எதுக்கு இப்போ. நீ வேலையைப் பாரு."

பசை இழுப்பறையைத் திறந்தான்.

"அக்கா, வெச்சுடாத. லைன்லயே இரு."

கத்தி மடிப்புக்குள் போனபோது மெல்லிய சரசரப்பு கேட்டது. நாற்பது வருடத் தூசி மேசையில் உதிர்ந்தது. இரண்டு பக்கம் திறந்தான். படித்தான். அடுத்த விளிம்பைக் கீறினான். அக்கா மூச்சுக்கூட விடாமல் கேட்டாள். மழை பெய்தது. துப்பறிவாளர் உள்ளே போனார். நாற்காலியில் இருந்தவர் விளக்கைப் பக்கத்தில் இழுத்துத் தன் முகத்தைக் காட்டினார். அவர் ஒரு காப்பீட்டு முகவர்.

"யாரு?" என்றாள் அக்கா.

"காப்பீட்டு முகவராம்."

"எந்தப் புத்தகத்துல வந்தான்?"

பசை யோசித்தான். பன்னிரண்டையும் பக்கம் பக்கமாகச் சரிபார்த்துத் தைத்தவன் அவன். "எதுலயும் வரலைக்கா."

"ஒரு தடவை? கூட்டத்துல? பஸ்ஸுல?"

"இல்லை."

முகவர் பதினொரு பக்கத்துக்குத் தன் குற்றங்களை வரிசையாக ஒப்புக்கொண்டார். பிறகு துப்பறிவாளரின் மண்டையில் யாரோ அடித்தார்கள். கடைசிப் பக்கம் முழுக்க மழை.

"இவ்வளவுதானா?" என்றாள் அக்கா. "பன்னெண்டு புத்தகமா நான் ஒவ்வொருத்தர் மேலயும் சந்தேகப்பட்டு, அந்த வக்கீல் பொண்டாட்டியை மனசுக்குள்ள திட்டித் தீர்த்து... கடைசியில வாசலைத் தாண்டி வராத ஒருத்தன் வந்து உட்கார்ந்துக்கிட்டு நான்தான்னு சொல்றான். எழுத வந்த மனுஷனுக்குத் தூக்கம் வந்துடுச்சு போல."

ஐந்து மணிக்குக் கதவு திறந்தது. செயலாளர் அம்மா முதலில் மேசைமீது கிடந்த தூசியைப் பார்த்தார். பிறகு புத்தகத்தின் விளிம்பைப் பார்த்தார். கீறிய தாளை ஒட்டலாம், கீறாத தாளாக்க முடியாது. அது பசைக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

விசாரணை மறுநாளே நடந்தது. குற்றச்சாட்டில் ஒரே சொல்தான் இருந்தது: வாசித்தல். மூன்று மழைக்கோட்டுகளும் அவனைச் சுற்றி உட்கார்ந்தன. இந்தக் கட்டடத்தின் நாற்பது வருட வரலாற்றில் இப்படி ஒன்று நடந்ததில்லை என்று தலைவர் சொன்னார். நூலகத்துக்குள்ளேயே, பட்டப்பகலில், அரசாங்கச் சம்பளத்தில் ஒருவன் புத்தகம் படித்திருக்கிறான். ஆதரவு உறுப்பினர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதிர்ப்பு உறுப்பினர், தண்டனை மற்றவர்களுக்குப் பாடமாக இருக்க வேண்டும் என்றார். புத்தகத்துக்கு அரக்கு வைக்கவும், பசையை வேலையிலிருந்து நீக்கவும், அட்டைக்கான கடிதத்தை நிறுத்திவைக்கவும் தீர்மானித்தார்கள். நீக்க ஆணையில் தலைவர் மாலையில் கையெழுத்திடுவார்.

மாலை வரை அவன் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அக்காவை நான்கு மாடி எப்படி இறக்குவது என்று யோசித்தான். தோளில் தூக்கிக்கொள்ளலாம். பெட்டியை யார் தூக்குவார்கள்?

ஆதரவு உறுப்பினர் வந்து பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். சுவரைப் பார்த்தபடி, உதடு அசையாமல், "பொண்ணா, ஆணா? அதை மட்டும் சொல்லுங்க தம்பி," என்றார். பசை வாயைத் திறப்பதற்குள் செயலாளர் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டு எழுந்து போய்விட்டார். பிறகு அவன் கழிப்பறையில் கை கழுவும்போது எதிர்ப்பு உறுப்பினர் பக்கத்துக் குழாயைத் திறந்தார். "எனக்கு ஆர்வமெல்லாம் கிடையாது. என் மூணாவது தொகுதியில நான் சொன்னது சரியான்னு பார்க்கத்தான்," என்றார். அவர் தண்ணீருக்கு அடியில் கையைக் காட்டவே இல்லை.

ஆறு மணிக்குத் தலைவர் கூப்பிட்டார். மேசையில் நீக்க ஆணை இருந்தது. தலைவர் பேனா மூடியைக் கழற்றினார். மறுபடி மூடினார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"வாசிச்சது தப்பு," என்றார்.

"ஆமாங்க ஐயா."

"அந்தக் கதவுக்குப் பின்னாடி..." தலைவர் குரலைத் தாழ்த்தினார். "முப்பத்தொரு வருஷமா இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். எங்க வீட்டுல கேப்பாங்க, பக்கத்து வீட்டுல கேப்பாங்க, வாரியத் தலைவராச்சே, கொலைகாரன் யாருங்கன்னு. ரகசியம்னு சொல்லிச் சிரிச்சுட்டு வந்துடுவேன். யாரு தம்பி அது?"

உண்மையில் பசை சொல்ல நினைத்தது காப்பீட்டு முகவர் என்றுதான். ஆனால் பயத்தில் வேறு ஒன்று வாயில் வந்தது.

"நான் சொன்னா நீங்களும் வாசிச்ச மாதிரி ஆயிடுமே ஐயா. உங்க பதவி போயிடும்."

தலைவர் திடுக்கிட்டார். அலமாரியிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்தார். அவர் முழுவதும் படித்திருந்த ஒரே புத்தகம் அதுதான். விரலால் வரி வரியாகத் தேடினார். "வாசித்தல்னுதான் போட்டிருக்கு," என்றார், முகம் மலர்ந்து. "கேட்டலைப் பத்தி ஒண்ணுமே இல்லை."

"எல்லாத்தையும் ஒரேயடியா ஞாபகத்துலேருந்து சொல்ல வராதுங்க," என்றான் பசை. அதுவும் பயத்தில் வந்ததுதான். "ஒவ்வொரு பக்கமா வேணும்னா..."

அன்று ஒரு பக்கம் சொன்னான். கதவு, மழை, உள்ளே போகும் ஈரக் காலடிகள், நாற்காலியில் இருக்கும் ஆள் விளக்கின் பக்கம் கையை நீட்டும்வரை. தலைவர் நீக்க ஆணையை இழுப்பறையில் வைத்தார். "மிச்சம் இருக்கிறவரைக்கும் உங்களை எப்படி அனுப்ப முடியும்?" என்று கேட்டுவிட்டு, அட்டைக்கான கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆறு மாதம்.

வீட்டுக்கு ஓடி வந்து அக்காவிடம் சொன்னான். அக்கா நன்றாகக் கேட்டுக்கொண்டாள்.

"அடுத்த பக்கத்துல என்ன வருது?"

"விளக்கை இழுக்கிறான். காப்பீட்டு முகவர்."

"செத்தோம்," என்றாள் அக்கா. "அதைக் கேட்டா அந்தாளு அப்பவே இழுப்பறையைத் திறந்துடுவாரு. காகிதமும் பேனாவும் எடு."

"எதுக்குக்கா?"

"அந்த விளக்கு எரியக் கூடாது. ஃபியூஸ் போகட்டும். இருட்டுல ஒரு பொம்பளை செருப்புச் சத்தம் கேக்கணும். எழுது."

அடுத்த வாரம் தலைவர் அறையில் விளக்கு எரியவில்லை. அதற்கடுத்த வாரம் இருட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. ஆதரவு உறுப்பினரும் எதிர்ப்பு உறுப்பினரும் தற்செயலாக உள்ளே வந்து, தற்செயலாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பக்கத்துக்கு ஆறு மாதம் என்ற கணக்கில் தலைவர் வாராவாரம் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். அட்டை அலுவலகத்தில் இருந்தவர், பின்வரும் வருடங்களுக்கான தேதிகளை எழுத இடம் போதாமல் அட்டையில் ஒரு துண்டுத்தாளை ஒட்டிக்கொடுத்தார்.

"பதினாறு பக்கம் எப்போ முடியும்?" என்று இருபத்தோராவது வாரம் செயலாளர் அம்மா கேட்டார். அவர் கதவோரம் நின்றுதான் கேட்பார், அது கணக்கில் சேராது.

"ரொம்பப் பொடி எழுத்துங்க மேடம்," என்றான் பசை.

அக்காவின் மாவுக்கட்டை எடுத்து வெகுநாள் ஆகியிருந்தது. சலவைக்கூடத்துக்குப் போய்வர ஆரம்பித்திருந்தாள். இஸ்திரி போட்டுக்கொண்டே யோசிப்பாள், வந்ததும் சொல்வாள், அவன் எழுதிக்கொள்வான். வக்கீலின் மனைவி ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய் சொன்னாள். லிஃப்ட் ஓட்டுபவன் ஏன் சிரித்தான் என்பதற்கு ஒரு காரணம் கிடைத்தது. துப்பறிவாளர் நெடுநாளாக மண்டையில் அடி வாங்கவில்லை.

அன்று வியாழக்கிழமை. பசை மூச்சு வாங்க நான்கு மாடி ஏறி வந்தான்.

"அக்கா, எதிர்ப்பு உறுப்பினர் அழுதுட்டாரு. நம்ம கதையில வக்கீல் பொண்டாட்டி தன் மகனை அடையாளம் காட்ட மாட்டேன்னு சொல்ற இடத்துல. தேம்பித் தேம்பி. தலைவர் எழுந்து நின்னு, உலகத்துல இதுக்கு மேல ஒரு முடிவை எவனாலயும் எழுத முடியாது, மழைக்காரரைப் பேரன்புப் பட்டியல்ல சேர்க்கிறோம்னு சொல்லிட்டாரு. கடைசிப் பக்கம் கேட்டு முடிச்சதும் பன்னெண்டு புத்தகத்தையும் கண்ணாடிக்குள்ள வெக்கிறாங்களாம். ஏகமனதா."

அக்கா மேசையிலிருந்த அந்தப் பக்கத்தை எடுத்தாள். ஜன்னல் பக்கம் திரும்பி, முதலிலிருந்து மெதுவாகப் படித்தாள். ஓரிடத்தில் நின்றாள். திரும்பிப் போய் மறுபடி படித்தாள்.

"அந்த அம்மா இவ்வளவு பேச மாட்டா," என்றாள். "இந்த இடம் கொஞ்சம் மிகைதான்."

பேனாவை வாங்கி நான்கு வரியை அடித்தாள்.